மூன்றாம் ஆலயம்: பெட்டிக்குள் இருப்பது எந்த ஆலயம்?

வேப்பேரி, பெரம்பூர் பக்கத்துக் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலும், கன்வென்ஷன் பந்தல் வாசலில் போடும் ஸ்டால்களிலும் வெட்டி ஒட்டி ஆலய மாதிரி செய்யும் ஒரு கனமான பெட்டியை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே தங்க எழுத்தில் 'மூன்றாம் ஆலயம்' என்று போட்டிருக்கும். விலை 1,650 ரூபாய். விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தும் சபைகளையும் சண்டே ஸ்கூல் அக்கா அண்ணன்களையும் மனதில் வைத்துச் செய்தது. உள்ளே 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் அச்சடித்த 12 ஏ3 தாள்கள், 45 செ.மீ. சதுரமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு சன் போர்டு, 32 பக்கக் கையேடு, சுவரில் மாட்ட 6 அடிக்கு 3 அடி ஃபிளெக்ஸில் ஒரு கடைசிக்கால சார்ட்.

அட்டை வேலை தரமானது. கற்சுவர் அச்சு சுத்தமாக விழுந்திருக்கிறது, வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும் குழப்பமில்லாமல் தனித்தனி நிறத்தில் இருக்கின்றன. கையேடு சுமார். சார்ட்டைத் திருத்தாமல் மாட்டவே கூடாது. பெட்டியின் பெயரே முதல் பிழை என்பதால் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆலயம் சாலொமோன் கட்டியது, நேபுகாத்நேச்சார் இடித்தான். இரண்டாவது, பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் செருபாபேல் காலத்தில் எழுப்பியது, பிறகு ஏரோது பெரிதாக்கியது, கி.பி. 70-இல் தீத்துவின் படை எரித்தது. மூன்றாவது என்று பிரசங்கங்களில் சொல்லப்படுவது, இயேசு திரும்பி வருமுன் வரும் ஏழு வருஷ உபத்திரவ காலத்து ஆலயம். தானியேல் 9:27-இல் பலி நிறுத்தப்படுவது, மத்தேயு 24:15-இல் பாழாக்குகிற அருவருப்பு, 2 தெசலோனிக்கேயர் 2:4-இல் பாவமனுஷன், அதாவது அந்திக்கிறிஸ்து, தேவாலயத்தில் உட்காருவது, வெளிப்படுத்தின விசேஷம் 11:1-இல் யோவானிடம் அளக்கச் சொல்வது, இந்த நான்கையும் சேர்த்துத்தான் அப்படியொரு ஆலயம் வரும் என்கிறார்கள். அதற்கு வேதத்தில் நீளமோ அகலமோ கிடையாது. யோவான் கையில் கோல் இருக்கிறது, அளவு மட்டும் எழுதப்படவில்லை.

பெட்டியில் இருக்கும் வரைபடம் எசேக்கியேல் 40 முதல் 48 வரை சொல்லும் ஆலயம். இந்தக் கடைசிக்கால அட்டவணையை நம்புகிறவர்களின் கணக்கிலேயே அது, இயேசு திரும்பி வந்தபின் நடக்கும் ஆயிர வருட அரசாட்சிக்குரியது. அந்திக்கிறிஸ்து உட்காரும் ஆலயம் வேறு, இது வேறு. அவர்கள் எண்ணிக்கைப்படி இது நான்காவது. ஆக, இந்தப் போதனையை ஏற்காதவர் சொல்லும் குறை அல்ல இது; ஏற்கிறவரே சொல்ல வேண்டிய குறை. சார்ட்டில் இதே எசேக்கியேல் கட்டடத்தை ஏழு வருஷக் கட்டத்துக்குள் வரைந்து, அதன் முன்னால் கொம்புள்ள ஒருவனை உட்கார வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் மனதில் அந்தப் படம் பதிந்துவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம்.

அடுத்தது முழம். பூக்கடையில் ஒரு முழம் கேட்டால் அளக்கிறவர் கை நீளத்தைப் பொறுத்துத்தான் மல்லிகை கிடைக்கும். வேதாகம முழத்திலும் அதே தகராறு உண்டு. சாதாரண முழம் ஏறத்தாழ 45 செ.மீ. எசேக்கியேல் 40:5 பயன்படுத்துவது அதைவிட நாலு விரற்கடை நீண்ட முழம், ஏறத்தாழ 52.5 செ.மீ. அப்படி ஆறு முழம் சேர்ந்தது ஒரு கோல், சுமார் 3.15 மீட்டர். பெட்டி மேல் அளவு விகிதம் 1:500 என்று அச்சிட்டிருக்கிறார்கள். 500 முழச் சதுரத்தை நீண்ட முழத்தில் கணக்கிட்டால் 262.5 மீட்டர், 1:500-இல் அடித்தட்டு 52.5 செ.மீ. இருக்க வேண்டும். கொடுத்திருப்பதோ 45 செ.மீ. சிறிய முழத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, எல்லாப் பாகமும் அதே தவறான முழத்தில் ஒரே சீராக இருப்பதால் மாதிரி கெடவில்லை. பெட்டியில் 1:500-ஐ அடித்துவிட்டு 1:583 என்று எழுதிக்கொண்டால் போதும். ஒரு முழத்துக்கு 0.9 மி.மீ. என்று நினைவில் வையுங்கள். கீழே வரும் எல்லா அளவும் அந்தக் கணக்குதான்.

கையேடு 42-ஆம் அதிகாரத்தை மேற்கோள் காட்டி மதில் ஒரு பக்கம் 500 கோல் என்கிறது. மாதிரி 500 முழம். இரண்டுக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். விளக்கம் ஒரு வரிகூட இல்லை. எபிரெய மூலத்திலும் நம் பழைய மொழிபெயர்ப்பிலும் கோல் என்றுதான் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் முழம். கோல் என்றே எடுத்தால் ஒரு பக்கம் 1.5 கிலோமீட்டரைத் தாண்டும், பரப்பு ஏறத்தாழ இரண்டரை சதுர கிலோமீட்டர். மதிலுக்குள் இருக்கும் பழைய எருசலேம் நகரமே ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. முழம்தான் என்பதற்கு 40, 41-ஆம் அதிகாரங்களின் அளவுகளே சாட்சி. வடக்கு தெற்காகக் கூட்டிப் பாருங்கள்: வெளிவாசல் 50, வெளிப்பிராகாரம் 100, உள்வாசல் 50, உட்பிராகாரம் 100, மறுபடி உள்வாசல் 50, வெளிப்பிராகாரம் 100, வெளிவாசல் 50. சரியாக 500. பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் கூட்டிக் காட்டினால் எசேக்கியேல் ஏன் இவ்வளவு அளவுகளை அடுக்கினார் என்பது புரிந்துவிடும். கையேடு இந்த வாய்ப்பைக் கோட்டைவிட்டிருக்கிறது.

இனி ஒட்டும் வேலை. அடித்தட்டில் அச்சிட்ட குறிகளை நம்பாதீர்கள். அவற்றின்படி ஆலய வீடு நட்ட நடுவில் வருகிறது. எசேக்கியேலின் வரைபடத்தில் நடுவில் இருப்பது பலிபீடம். ஒரு பென்சிலால் மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். அவை வெட்டும் புள்ளியில் பீடம் வர வேண்டும். கிழக்கு ஓரத்திலிருந்து ஸ்கேலை வைத்து 4.5, 13.5, 18, 27, 36 செ.மீ.களில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 4.5 வெளிவாசல், 13.5 வரை வெளிப்பிராகாரம், 18 வரை உள்வாசல், 27 வரை உட்பிராகாரம், 36 வரை ஆலய வீடு, மிச்சமுள்ள 9 செ.மீ. மேற்கே இருக்கும் வெளியிடமும் அதிலுள்ள கட்டடமும். அந்த மேற்குக் கட்டடத்துக்குக் கையேடு 'களஞ்சியம்' என்று பெயர் வைத்திருக்கிறது. அது எதற்கு என்று 41:12 சொல்லவில்லை. மேற்கில் வாசலும் கிடையாது. கிழக்கு, வடக்கு, தெற்கு என்று மூன்றுதான்.

தாள்களில் அச்சிட்ட வெட்டுக்கோடு மட்டுமே உண்டு, பாகங்கள் முன்கூட்டி வெட்டப்பட்டிருக்காது. எனவே கத்தரிக்கோலை நம்பி இறங்காதீர்கள். முனை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர், இரும்பு ஸ்கேல், அடியில் வைக்க ஒரு கட்டிங் மேட் வேண்டும். மடிப்புக்கோடுகளை ரீஃபில் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் பிடித்து ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டு மடியுங்கள். கீறாமல் மடித்தால் ஆர்ட் கார்டின் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். வெடித்த இடத்தில் மண்நிற ஸ்கெட்ச் பேனாவை லேசாக ஓட்டினால் மறைந்துவிடும்.

ஆறு வாசல்களை முதலில் முடித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. நீளம், 2.25 செ.மீ. அகலம், உள்ளே பக்கத்துக்கு மூன்று காவல் அறைகள். பெட்டியில் ஆறும் ஒரே அச்சு. அதில் தவறில்லை, ஆனால் ஒட்டும் திசைதான் எல்லோரையும் ஏமாற்றும். வெளிவாசலின் மண்டபம் உட்புறமாக, அதாவது வெளிப்பிராகாரத்தைப் பார்த்து இருக்கிறது. உள்வாசலின் மண்டபமும் வெளிப்பிராகாரத்தைத்தான் பார்க்கிறது. ஆக இரண்டு மண்டபங்களும் எதிரும் புதிருமாக முகம் பார்க்க வேண்டும். உள்வாசல் மூன்றையும் 180 டிகிரி திருப்பி ஒட்ட வேண்டும். கையேட்டுப் படத்தில் ஆறும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. படிக்கட்டுப் பட்டைகளும் அப்படித்தான்: ஆறிலும் ஏழேழு மடிப்பு. வெளிவாசலுக்கு ஏழு படி சரி, உள்வாசலுக்கு எட்டு. மூன்று பட்டைகளை மட்டும் மிச்சத் தாளில் ஒரு மடிப்பு கூட்டிச் செய்துகொள்ள வேண்டும்.

மதில் உயரம் இன்னொரு கோளாறு. 40:5-இன்படி ஒரு கோல் உயரம், ஒரு கோல் அகலம். நம் அளவில் 5.4 மி.மீ. பெட்டியில் இருப்பது 2.5 செ.மீ., ஏறத்தாழ 28 முழம். கோட்டை மாதிரி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று வளர்த்துவிட்டார்கள் போல. வெட்டிக் குறைத்தால்தான் உள்ளே இருக்கும் பிராகாரங்கள் கண்ணுக்குத் தெரியும். மதில் ஒரு பக்கத்துக்கு 22.5 செ.மீ.யில் இரண்டு துண்டுகளாக வருவதால் சேரும் இடம் சரியாக வாசலுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, அதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். வாசலே இல்லாத மேற்கில் மட்டும் சேர்க்கை தெரியும். உட்பக்கம் ஒரு சிறு பட்டை ஒட்டிவிடுங்கள்.

அட்டையோடு அட்டை ஒட்ட வெள்ளைப் பசை போதும். பல்குச்சி முனையால் மெல்லியதாகத் தடவி, துணிக்கிளிப் போட்டுக் கால் மணி நேரம் விட வேண்டும். அதிகம் தடவினால் தண்ணீர்ப்பசை தாளை வளைத்துவிடும். இன்ஸ்டன்ட் பசையைத் தங்க நிறப் பாகங்கள் பக்கம் கொண்டுபோகவே கூடாது, வெள்ளையாகப் பூத்துவிடும். சிக்கல் வருவது சன் போர்டில். அது பிவிசி, வெள்ளைப் பசை அதன் வழவழப்பில் பிடிக்காது. அன்றைக்கு ஒட்டிய மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் வாசல்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும். கையேடு எல்லாவற்றுக்கும் ஒரே பசையைச் சொல்வதால் பெட்டியைப் பற்றி அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். அடித்தட்டை 220 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ரப்பர் வகைப் பசையை இரு பக்கமும் தடவிக் காயவிட்டு அழுத்துங்கள். அல்லது நல்ல இரட்டைப்பக்க டேப்.

ஆலய வீடு 9 செ.மீ. நீளம், பக்க அறைகளின் மதில் வரை சேர்த்து 4.5 செ.மீ. அகலம். கூரையைக் கழற்றி உள்ளே பார்க்கலாம், அருமையான யோசனை. ஆனால் முகப்பு 9 செ.மீ. உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. 100 முழம். அது ஏரோது ஆலயத்துக்கு, யூத மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் மிட்டோத் பகுதி சொல்லும் உயரம். மேலே தொங்கும் பொன் திராட்சைக்கொடியும் அங்கிருந்து வந்ததுதான். எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியக வளாகத்தில் 1:50 அளவில் இரண்டாம் ஆலய கால நகர மாதிரி ஒன்று இருக்கிறது. 1960-களில் மைக்கேல் அவி-யோனாவின் மேற்பார்வையில் உருவானது, 2006-இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். அந்த முகப்பின் சாயல் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. எசேக்கியேல் வீட்டின் உயரத்தைச் சொல்லவே இல்லை. சாலொமோன் ஆலயத்தின் 30 முழத்தைக் கடன் வாங்கினால் 2.7 செ.மீ. அப்படி வெட்டிக்கொள்வது நேர்மையானது; 'உயரம் யூகம்' என்று கூரை அடியில் பென்சிலால் எழுதியும் வைக்கலாம்.

கூரையைத் தூக்கினால் உள்ளே உடன்படிக்கைப் பெட்டி, திரைச்சீலை, ஏழு கிளை விளக்குத்தண்டு எல்லாம் வைக்கத் தனித்தனிப் பாகங்கள் கொடுத்திருக்கிறார்கள். எசேக்கியேலில் இந்த மூன்றும் இல்லை. பிரதான ஆசாரியனும் இல்லை. மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு முன்னால் அவர் சொல்வது மரத்தால் செய்த ஒரு பீடம், மூன்று முழ உயரம். நம் அளவில் 2.7 மி.மீ., நொய்யரிசி உயரம். பெட்டியில் வரும் உடன்படிக்கைப் பெட்டியோ 1 செ.மீ. நீளம், கணக்குப் போட்டால் 11 முழம், மோசே செய்தது இரண்டரை முழம். அதைத் தனியாக ஒட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம், வீட்டுக்குள் வைக்க வேண்டாம். ஏன் இல்லை என்ற கேள்விதான் ஒரு வகுப்புக்குப் போதுமான பாடம்.

பலிபீடத்தைப் பெட்டியில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்வதே மேல். கொடுத்திருப்பது தெற்கில் சாய்தளம் வைத்த ஏரோது காலத்துப் பீடம். 43:13-17 சொல்வது படிப்படியாகச் சுருங்கும் பீடம், படிக்கட்டு கிழக்கே. 300 ஜிஎஸ்எம் அட்டை ஏறத்தாழ 0.3 மி.மீ. தடிமன். 16.2 மி.மீ. சதுரத்தில் மூன்று துண்டு, 14.4-இல் ஆறு, 12.6-இல் பன்னிரண்டு, 10.8-இல் பன்னிரண்டு வெட்டி, பெரியது கீழே வர அடுக்கி ஒட்டினால் ஒரு முழம், இரண்டு முழம், நாலு முழம், நாலு முழம் என்று உயரம் தானாக அமைந்துவிடும். மேல் இரண்டு அடுக்கின் 12, 14 முழ அகலம் வசனத்திலேயே இருக்கிறது. கீழ் இரண்டும் ஓரத்துக்கு ஒரு முழம் கூட்டி வருவிப்பது. நான்கு மூலையிலும் கொம்புக்கு நாலு சிறு முக்கோணம். தாள் போதாவிட்டால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இதே கனத்தில் ஆர்ட் கார்டு சில்லறையாகக் கேட்டு வாங்கலாம்.

பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்தால் ஒன்பது பத்து மணி நேர வேலை. விபிஎஸ்ஸில் என்றால் ஆறு குழு பிரித்து ஆளுக்கொரு வாசல் கொடுத்து, ஐந்து நாளும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் முடியும். கட்டர் வேலையைப் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இந்த அட்டை அப்பளம் மாதிரி வளையும். மேட் வார்னிஷ் ஸ்பிரேயை இரண்டு கை அடித்து, மாதிரிக்கு மேல் ஒரு அக்ரிலிக் மூடி போட்டு உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் வரும். காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே பெட்டியைப் பிரித்து 12 தாளையும் எண்ணிவிடுங்கள். தாள் குறைந்தால் பிறகு மாற்றித் தருவதில்லை.

சார்ட்டுக்கு வருவோம். ஏழு யுகங்களாக வரலாற்றைப் பிரித்து, சபை எடுத்துக்கொள்ளப்படுதல் (விசுவாசிகள் வானத்துக்கு எடுக்கப்படுவது), ஏழு வருஷம், இரண்டாம் வருகை, ஆயிர வருட அரசாட்சி, வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு என்று இடமிருந்து வலமாகப் போகும் வழக்கமான கோடு. 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியும் அவரது பிரதரன் சபை வட்டாரமும் வடிவமைத்து, 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமத்தால் உலகெங்கும் பரவிய அட்டவணை. அதே பிரதரன் வட்டத்தைச் சேர்ந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் 1830-களிலேயே சென்னையில் ஊழியம் செய்தவர், ஆகவே நம் ஊருக்கும் இது நேற்று வந்த சரக்கல்ல. சார்ட்டில் இந்த வரலாறு ஒரு வரிகூட இல்லை. அப்போஸ்தலர் காலத்திலிருந்தே எல்லோரும் இப்படித்தான் படித்தார்கள் என்ற தோரணை. சிஎஸ்ஐ, லூத்தரன், கத்தோலிக்க சபைகளில் பெரும்பாலோர் ஆலயம் என்பதை யோவான் 2:21, 1 கொரிந்தியர் 3:16 வழியாகக் கிறிஸ்துவின் சரீரமாகவும் சபையாகவும் வாசிக்கிறார்கள். வாங்குகிறவர் எந்தச் சபை ஆனாலும், ஆயரிடமோ பாஸ்டரிடமோ ஒருமுறை காட்டிவிட்டு மாட்டுவது நல்லது.

கணக்குப் பிழைகள் அதைவிட மோசம். தானியேல் 9-இன் எழுபது வாரக் கட்டத்தில் (ஒரு வாரம் ஏழு வருஷம்; எருசலேமைக் கட்டும் கட்டளையிலிருந்து மேசியா வரை 69 வாரம், அதாவது 483 வருஷம் என்பது கணக்கு) 'கி.மு. 445 + 483 வருஷம் = கி.பி. 38' என்று போட்டு, சிலுவையை கி.பி. 30-இல் நட்டிருக்கிறார்கள். வெறும் கழித்தல். முதலில், பூஜ்ய வருஷம் கிடையாது என்பதால் அது 39 ஆக வேண்டும். 39-இல் பிலாத்து யூதேயாவில் பதவியிலேயே இல்லை. இந்த அட்டவணையை முறையாகச் செய்தவர்கள் வருஷத்துக்கு 360 நாள் என்று எடுத்தார்கள்: 483 பெருக்கல் 360, அதாவது 1,73,880 நாள். அதைச் சூரிய வருஷமாக மாற்றினால் 476 சொச்சம். பாரசீக ராஜா அர்தசஷ்டாவின் இருபதாம் வருஷமான கி.மு. 445-இலிருந்து எண்ணினால் கி.பி. 32. இந்தக் கணக்கை நூலாக எழுதிய ராபர்ட் ஆண்டர்சன் வந்து சேர்ந்தது அங்கேதான். 360 நாள் கணக்கு சரியா, கட்டளை எந்த ராஜாவினுடையது, சிலுவை எந்த வருஷம் என்ற வாதங்கள் இன்றும் ஓயவில்லை. ஆனால் முறையைச் சொல்லாமல் விடையை மட்டும் போட்டால், அதுவும் தப்பாகப் போட்டால், பத்தாம் வகுப்புப் பையன் எழுந்து கேட்பான்.

இன்னொரு கட்டத்தில் '7 வருஷம் = 2,555 நாள்'. பக்கத்திலேயே '1,260 + 1,260'. கூட்டினால் 2,520. 35 நாள் எங்கே போயிற்று? ஒன்று 365 கணக்கு, மற்றது 360. 42 மாதம், 1,260 நாள், ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் என்று வேதம் சொல்வது மாதத்துக்கு 30 நாள் வைத்தால்தான் ஒத்துப்போகும். 2,555-ஐ அழித்துவிடுங்கள். தானியேல் 12-இன் 1,290, 1,335 நாட்களைச் சார்ட் தொடவே இல்லை. தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

'நிறைவேறியவை' என்ற தலைப்பில், சுத்திகரிப்புச் சாம்பலுக்காகக் கேட்கப்படும் சிவப்புக் கிடாரியின் படம். 2022 செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து ஐந்து கிடாரிகள் இஸ்ரேலுக்கு விமானத்தில் போனது உண்மை. வந்து இறங்குவது நிறைவேறுதல் ஆகாது. எண்ணாகமம் 19 பழுதற்றதாக, நுகம் படாததாகக் கேட்கிறது. மிஷ்னா இன்னும் கறார், வேறு நிறத்தில் இரண்டு மயிர் இருந்தாலே தள்ளுபடி. 1987-இல் ரபி யிஸ்ராயேல் ஏரியல் தொடங்கிய ஆலய நிறுவனம் எருசலேமில் பொன் விளக்குத்தண்டும் ஆசாரிய உடைகளும் பணிமுட்டுகளும் செய்து வைத்திருப்பதும் உண்மைதான். அதற்காக 'யூதர் எல்லோரும் ஆயத்தம்' என்று எழுதியிருப்பது தவறு. 1967-இல் அந்த மலை இஸ்ரேல் கைக்கு வந்ததும், தீட்டோடு பரிசுத்த இடத்தை மிதித்துவிடக் கூடாது என்று தலைமை ரபிகள் யூதர் அங்கே ஏறுவதையே தடுத்தார்கள். ஆலயத்தை மேசியா வந்துதான் கட்டுவார் என்று காத்திருக்கும் பக்தர்கள் ஏராளம். மலையின் அன்றாட நிர்வாகம் இன்றும் ஜோர்தானோடு இணைந்த இஸ்லாமிய வக்ஃப் அறக்கட்டளை கையில்.

தங்கக் குவிமாடத்தின் படத்துக்குக் கீழே 'அல் அக்ஸா மசூதி' என்று போட்டு, மேலே சிவப்பில் பெருக்கல் குறி இட்டிருக்கிறார்கள். படத்தில் இருப்பது பாறைக் குவிமாடம். கலீஃபா அப்துல் மாலிக் காலத்தில் 690-களின் தொடக்கத்தில் முடிந்தது. அல் அக்ஸா தொழுகைக்கூடம் மலையின் தென்கோடியில் ஈயநிறக் குவிமாடத்தோடு இருப்பது. பெயர் பிழையைவிட அந்தப் பெருக்கல் குறி ஆபத்தானது. அக்கட்டடம் இடிக்கப்படும் என்று எந்த வசனமும் இல்லை. 1969 ஆகஸ்ட் 21-இல் டெனிஸ் மைக்கேல் ரோஹன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவர், ஆலயம் சீக்கிரம் எழும்பட்டும் என்று அல் அக்ஸாவுக்குத் தீ வைத்து, எட்டு நூற்றாண்டுப் பழமையான பிரசங்க மேடையைச் சாம்பலாக்கினார். நீதிமன்றம் அவரை மனநிலை பாதித்தவர் என்றது. இப்படிப் படம் போடுகிறவர்களுக்கு இந்தச் சம்பவம் தெரிந்திருக்க வேண்டும். திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் மசூதியும் சபையும் ஒரே தெருவில் இருக்கும் ஊர் இது. அந்தக் கட்டத்தை வெள்ளை வினைல் ஸ்டிக்கரால் மூடிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் புதிய எருசலேமுக்குள்ளும் ஒரு ஆலயம் வரைந்திருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 21:22-இல் யோவான், அதிலே தேவாலயத்தை நான் காணவில்லை என்கிறார். நகரத்தின் ஒரு பக்கம் 12,000 ஸ்தாதி, சுமார் 2,200 கிலோமீட்டர், ஏறத்தாழ சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் தூரம். அதையும் மூடுங்கள். மாட்டும்போது நான்கு மூலையில் மட்டும் வளையம் இருப்பதால் நடுவில் தொய்யும். மேலும் கீழும் நடுவில் ஒவ்வொரு வளையம் கூடுதலாக அடிக்கச் சொல்லுங்கள். மடிக்காமல் சுருட்டி வைக்க வேண்டும். மை வாடை போக இரண்டு நாள் மொட்டை மாடியில் விரித்துப் போடுங்கள்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்றுக்குக் கையேட்டில் பதில் இல்லை: இயேசு ஒரேதரம் பலியான பிறகு இந்தப் பீடத்தில் ஆடு மாடு எதற்கு? எபிரெயர் 10:18 இனிப் பலி இல்லை என்கிறது, எசேக்கியேல் 45:17 பாவநிவிர்த்திக்கான பலியையே சொல்கிறது. எதிர்கால ஆலயத்தை எழுத்தின்படி எடுப்பவர்கள், திருவிருந்து போல அது நினைவுகூரும் பலி என்பார்கள். மற்றவர்கள் எசேக்கியேல் தன் காலத்து ஆசாரிய மொழியில் கண்ட தரிசனம் என்பார்கள். 32 பக்கத்தில் நான்கு பக்கம் விளம்பரம். அதில் ஒரு பக்கத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

ஒட்டி முடித்ததும் மீதமிருப்பது கதவுகளும் தண்ணீரும். கிழக்கு வெளிவாசலின் கதவு திறந்து மூடும்படி செய்திருக்கிறார்கள். 44:2-இன்படி அது பூட்டியே இருக்க வேண்டும், பசை வைத்து மூடிவிடுங்கள். இதை எருசலேமில் அடைத்துக் கிடக்கும் பொன்வாசலோடு கையேடு இணைக்கிறது. அது ஒட்டோமான் சுல்தான் சுலைமான் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் அடைக்கப்பட்ட நகர மதில் வாசல். கிழக்கு உள்வாசல் மட்டும் ஓய்வுநாளிலும் அமாவாசையிலும் திறக்கும் என்று 46:1 சொல்வதால் அதை அசையும்படியே விடுங்கள். நீல நிற நதிப் பட்டையைக் கையேடு கிழக்கு வாசல் வழியாக வெளியே விடச் சொல்கிறது. பூட்டிய வாசலில் தண்ணீர் போகாது. 47-ஆம் அதிகாரத்தில் அது வீட்டு வாசற்படியின் கீழிருந்து புறப்பட்டு, பீடத்துக்குத் தெற்கே ஓடி, வெளியே கிழக்கு வாசலின் வலதுபுறத்தில் பாய்கிறது. கிழக்கு மதிலில் வாசலுக்குத் தெற்கே 3 மி.மீ. அகலத்தில் ஒரு சிறு பொந்து வெட்டிப் பட்டையை அதன் வழியே இழுத்து ஒட்டுங்கள். பன்னிரண்டாம் தாளின் ஓரத்தில் பச்சை அச்சு கொஞ்சம் மிச்சமிருக்கும்; கத்தரித்து இரு கரையிலும் மரங்களாக நட்டுவிடலாம்.